பூபூவுக்குப் பதில்

எங்கள் மாமாவுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. நன்றாக ஓடும் மிக்ஸியைக்கூடக் கழற்றிப் பார்ப்பார். “சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்கிறதே என் தம்பி வேலை” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். சன்னிவேல் நகரில் அவர் சம்பளம் வாங்கியதுகூட ஒலிகளைப் பிரித்துச் சேர்க்கிற சாஃப்ட்வேர் எழுதித்தான். அவர் மனைவி, என் அத்தை, இறந்த வருடம், ஞாயிறு சர்ச் முடிந்ததும் என்னைப் பறவைப் பூங்காவுக்கு அழைத்துப்போவார்.

அங்கே ஒரு கூண்டில் பூபூ என்ற ஆப்பிரிக்க மலைக்காட்டுப் பறவை தனியாக இருந்தது. அலகு முதல் வால்வரை அடுப்புக்கரி நிறம். பார்த்தால் காக்கைக்குத் தூரத்துச் சொந்தம். வாய் திறந்தால் ராஜா. கணீரென்று சீட்டியடிக்கும், சட்டென்று நிறுத்தும், மறுபடி சீட்டியடிக்கும். அந்த இடைவெளி ஒருநாளும் கூடாது, குறையாது.

“அந்த கேப் ஜோடிக்கு. ரெண்டும் சேர்ந்து பாடினா ஒரே பறவைன்னு நினைப்ப. இவனோட ஜோடி செத்துப்போச்சாம்” என்றார் மாமா.

ஆள் இல்லாவிட்டாலும் இடம் விட்டுப் பாடுகிற அந்தப் பறவைமேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மாமா ஒரு தந்திரத்தோடு வந்தார். எங்கோ கிடைத்த ஜோடிப் பாட்டிலிருந்து பெண்குரலை மட்டும் பிரித்துப் போனில் வைத்திருந்தார். பூபூ நிறுத்தியதும் பட்டனை அழுத்தினார்.

பறவை பாய்ந்து வந்து கம்பிவலையைப் பற்றிக்கொண்டு பாடியது. போன் பதில் சொன்னது. அது பாட, இது பாட, எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அத்தனை அழகை நான் அதுவரை கேட்டதில்லை.

“ஒன் மோர் டைம், மாமா!”

மாமா நிறுத்திவிட்டார். பூபூ நிறுத்தவில்லை. கிளை கிளையாகத் தேடியது. இலைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. தீனித்தட்டைத் திரும்பியும் பார்க்காமல், தொண்டை கம்மும்வரை கூப்பிட்டது.

“தப்பு பண்ணிட்டேன்மா” என்றார் மாமா. இவ்வளவு நன்றாகப் பாடவைத்ததில் என்ன தப்பு என்று நினைத்தேன்.

காரில் ஏறியதும் மாமா எப்போதும் அத்தையின் பழைய வாய்ஸ் மெசேஜைப் போடுவார். “ஏங்க, வரும்போது பால் வாங்கிட்டு வாங்க” என்பாள் அத்தை. “சரி, சரி” என்பார் மாமா. அன்று ஃப்ரீவே முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

“டுடே அத்தை பேசலையா, மாமா?”

“போன்ல சார்ஜ் இல்லம்மா.”

வீடு வந்ததும் உள்ளே ஓடி, அம்மாவின் சார்ஜரை எடுத்துவந்து அவர் கையில் திணித்தேன். மாமாவுக்குப் பெரிய உதவி செய்துவிட்டதாக எனக்கு அன்று ஒரே பெருமை.