ஓரம் வெட்டிய ரொட்டி

சார்டின் டின்னைத் திறந்ததும் எழும் தக்காளிப் புளிப்பு கலந்த மீன் வாடையும், அதன்மேல் பிழியும் எலுமிச்சையின் மணமும் இன்றும் என்னை அம்மாவிடம் இழுத்துப்போகின்றன. பசியினால் அல்ல.

எழுபதுகளின் பின்பாதியில், மலேசியாவில் கேமரன் மலையின் ஒரு தேயிலைத் தோட்டத்தில், அம்மா துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தாள். அவளுக்கு முன் அதே அடுப்படியில் நின்றவர் அவளுடைய அப்பா. தோட்டமே அவரைச் சமையல்காரர் என்ற பொருளில் 'கோக்கி' என்றுதான் கூப்பிட்டதாம். அவர் விட்டுப்போன சொத்து என்று சொன்னால் இந்தச் 'சேன்விச்' ஒன்றுதான். சார்டினை முள்ளெடுத்து மசித்து, வெங்காயமும் 'சில்லி பாடி' என்னும் காரமான ஊசி மிளகாயும் பொடியாக அரிந்து போட்டு, எலுமிச்சை பிழிந்து, மார்ஜரின் தடவிய ரொட்டியில் பரப்பி, வெள்ளரிக்காய் வில்லைகளை அடுக்கி மூடி, ஈரத்துணியில் சற்று நேரம் சுற்றிவைக்க வேண்டும். பிறகு நான்கு ஓரங்களையும் வெட்டிவிட்டு முக்கோணமாக அறுத்தால் துரையின் மனைவி துரைசானியின் தேநீர் மேசைக்குத் தயார்.

வெட்டிய ஓரங்களைச் சமையல்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பது பங்களா வழக்கம். "நடு அவங்களுக்கு, ஓரம் நமக்கு. அத மாத்தக் கூடாது" என்பாள் அம்மா. அந்த ஓரங்களுக்கு இடையில் சார்டினை வைத்து எனக்குப் பள்ளிக்குக் கட்டித் தருவாள். ருசியில் ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் என் வகுப்பில் படித்த, தோட்ட ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் மகள், "குச்சி ரொட்டி வந்துடுச்சு லா!" என்று சிரிப்பாள். பத்து வயதில் எனக்கு அறிவு குறைவு, ரோஷம் அதிகம்.

ஒருமுறையாவது முக்கோண ரொட்டி வேண்டும் என்று அம்மாவை நச்சரித்தேன். என் பிறந்தநாளுக்கு அவள் தானா ராத்தா டவுன் கடையில் ரொட்டி வாங்கிவந்து, பங்களாவில் செய்வதைப் போலவே ஓரம் வெட்டிக் கொடுத்தாள். வகுப்பில் நான் பொட்டலத்தைப் பிரித்த மிடுக்கைப் பார்த்திருக்க வேண்டும். கிராணியின் மகள் எட்டிப் பார்த்து, "கடை ரொட்டிதானே?" என்றாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"இல்ல. பங்களா ரொட்டி. துரைசானி மேசைலேர்ந்து எங்கம்மா எடுத்தாந்தாங்க" என்றேன்.

சனி நாக்கில் குந்தும் என்பார்கள். அன்று என் நாக்கில் குந்தியிருந்தது.

இரண்டு நாள் கழித்து அம்மா மத்தியானமே வீடு திரும்பினாள். "பங்களா வேல போச்சு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "பள்ளிக்கூடத்துல ரொட்டியப் பத்தி எதும் பேசினியா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். "சரி, சாப்புடு" என்று சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தினாள்.

மறுவாரமே விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்து, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனாள். அடுப்புச் சூட்டிலேயே வளர்ந்த உடம்பு; பனியும் மழையும் அவள் நெஞ்சில் சளியாக இறங்கின. அதைவிட 'ரொட்டி திருடி' என்று தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் பேசியதுதான் அவளை அரித்தது. நான் அருகிலேயே இருந்தேன், வாய் திறக்கவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்கு வயதைக் காரணம் சொல்ல எனக்கு மனமில்லை.

எண்பதுகளின் நடுவில், நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்தபோது, அம்மா தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தாள். அப்போதுதான் பள்ளியில் சொன்ன அந்தப் பொய்யை அழுதுகொண்டே சொன்னேன்.

"தெரியும்டி" என்றாள். "கிராணி உன் பேரச் சொல்லித்தான் கேட்டாரு. ஒன்னைய ஆபீசுக்குக் கூப்புட்டு விசாரிக்கணும்னாரு. புள்ளைய அங்க நிக்க வச்சு பொய்க்காரின்னு சொல்லுவாங்களேன்னு, நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்டேன்."

அந்த மாதமே போய்விட்டாள்.

போன வருடம் என் மகள் ஆசைப்பட்டாள் என்று அந்தப் பங்களாவுக்குப் போனேன். இப்போது அது சுற்றுலாப் பயணிகள் தேநீர் குடிக்கும் இடம். லைன் வீடுகள் இருந்த மேட்டில் வாகனங்கள் நிற்கின்றன. சேன்விச் வந்தது, ஓரம் வெட்டி, முக்கோணமாக. மகள் சாப்பிட்டாள், என் பங்கையும் அவள் பக்கம் நகர்த்தினேன். துரைசானி இல்லை, பெரிய கிராணி இல்லை, அவர் மகளும் எந்த ஊரிலோ. எங்கம்மா எடுக்கவில்லை, நான்தான் பொய் சொன்னேன் என்று அந்த வாசலில் நின்று சொல்லலாம்தான். கேட்க வேண்டியவர்கள் ஒருவர்கூட அங்கே இல்லை.