குறுக்கே எழுதியது

மண்டி மொஹல்லாவில் ஒரு செருப்புக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். அமெரிக்காவிலிருந்து ஸ்கேனாகி வரும் பழைய கடிதங்களைப் பார்த்து டைப் அடிப்பதுதான் வேலை. போன வருஷம் என் பங்குக்கு வந்தவள், நூற்றைம்பது வருஷத்துக்கு முன் கல்யாணமாகிப் புருஷனோடு மேற்கே புல்வெளிக்குக் குடிபோன ஒருத்தி. கிழக்கே, பிறந்த ஊரில் இருந்த அம்மாவுக்கு எழுதியிருந்தாள். பனி, பசுமாடு, புது அடுப்பு, எல்லோரும் சுகம். எப்போதும் இதேதான்.

அப்போது காகிதம் சுலபத்தில் கிடைக்காது. பக்கம் நிரம்பியதும் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுவார்கள். பார்த்தால் பாய் பின்னியதுபோல இருக்கும். படிக்க முடியாத இடத்துக்கென்று எங்களுக்கு ஒரு பட்டன் உண்டு. தட்டினால் 'தெளிவில்லை' என்று விழும். நான் நேர் வரிகளை மட்டும் அடித்துவிட்டு, குறுக்கு வரிகளுக்கெல்லாம் அந்தப் பட்டனைத் தட்டினேன். கண் தெரியாமல் இல்லை, பொறுமை இல்லை. வேகமான கை என்று பெயர் வேறு வாங்கினேன்.

ஹனூரில் தனியாக இருக்கும் என் அம்மாவிடமும் இதே கைவரிசைதான். வாட்ஸப்பில் வாய்ஸ் அனுப்புவாள், ஒவ்வொன்றும் நாலைந்து நிமிஷம். "சாப்டியா கண்ணு, இங்க மழையே காணோம்" என்பது வரைக்கும் கேட்பேன். பிறகு கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

ஒரு திங்கட்கிழமை அமெரிக்காக்காரர்கள் ஒரு தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஸ்வல்ப நிதானவாகி நோடி மேடம்" என்று கன்னடத்தில் சொன்னார் சூப்பர்வைசர். நிதானமாகத்தான் பார்த்தேன். படத்தைத் திருப்பிப் பெரிதாக்கினால் அரை மணி நேர வேலை, அவ்வளவுதான்.

நேர் வரியில் மாடு கன்று போட்டிருந்தது. அதன்மேல் குறுக்கே, தனக்குப் பிரசவமானபோது புருஷன் டவுனுக்குப் போயிருந்ததையும், கூப்பிடு தூரத்தில் ஒரு வீடுகூட இல்லாததையும், குழந்தை ஒரே ஒரு நாள் இருந்ததையும் எழுதியிருந்தாள். நேராக எழுதினால் எடுத்த எடுப்பில் அம்மா பதறிவிடுவாள் என்று இப்படி எழுதுகிறாளாம். இதற்குத்தான் நான் 'தெளிவில்லை' என்று தட்டியிருந்தேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

ஆபீஸ் மாடிப்படியில் போய் உட்கார்ந்து அம்மாவின் வாய்ஸ்களைக் கடைசிவரை கேட்டேன். மூன்று வாரத்துக்கு முந்தைய ஒன்றில் மழை, தக்காளி, எதிர்வீட்டுச் சண்டை எல்லாம் முடிந்தபிறகு ஒரு இருமல். "கண்ணுல பொரை முத்திப்போச்சாமா. வர்ற பொதங்கெழம ஆப்ரேசன். கையெழுத்துப் போட சொந்தத்துல ஒரு ஆளு வேணுங்கறாங்க. நீ வந்தீன்னாப் போதுஞ் சாமி."

அதற்குக் கீழே என் கட்டைவிரல்.

போன் போட்டேன். ஆப்ரேசன் ஆயிற்றா என்று கேட்டேன்.

"ஆச்சு கண்ணு. நம்ம தெருப் பூக்காரம்மா, தங்கச்சின்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுச்சு. நீதான் சரின்னு வெரலக் காட்டியிருந்தியே, மக வந்துருவான்னு மத்தியானம் வரைக்கும் யாரையும் போட உடலை. வேல வந்துருச்சாக்கு?"

"ஆமாம்மா, வேல" என்றேன்.

அதையும் நம்பினாள்.