ஆறு மூட்டை விதைநெல்

கொண்டச்சியில் பைபர் படகு ஓட்டை விழுந்தால் றிபாத்தைத்தான் தேடுவார்கள். கல்லில் உரசி அடிவயிறு கிழிந்த படகைக் கவிழ்த்துப் போட்டு, கிழிசலைத் தேய்த்து, பைபர் துணியை விரித்து, அதன்மேல் ரெசின் பசையை ஊற்றி உருட்டி, மூன்றாம் நாள் கடலுக்கு அனுப்பிவிடுவான். எந்த இடத்தில் ஒட்டியது என்று படகுக்காரனுக்கே பிறகு கண்டுபிடிக்க வராது. இருபது வருடத் தொழில். அந்தப் பெருமை றிபாத்துக்குக் கொஞ்சம் அதிகம். பெருமை இருந்துவிட்டுப் போகட்டும், அது படகோடு நின்றிருக்கலாம்.

வீட்டுக்கு வேண்டிய நெல்லை அவன் வருடாவருடம் நறுவிலிக்குளத்து நவரத்தினத்தாரிடம்தான் எடுப்பான். அவருடைய வளவில் பழைய லாண்ட்ரோவர் ஜீப் ஒன்று பாலை மரத்தின் கீழ் கிடந்தது. முன் இருக்கையில் கோழி அடைகாத்தது. ஒரு காலத்தில் அந்த ஊரில் நோயாளியைக் கொண்டுபோனதும், உரம் ஏற்றியதும், கலியாணத்துக்கு மாப்பிள்ளையைக் கூட்டிவந்ததும் அதுதான். ஓட்டியவர் நவரத்தினத்தார். நாற்பது வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காத கை என்று ஊரில் அவருக்குப் பெயர்.

“இரும்புக்காரன் கேட்டுக்கொண்டு நிக்கிறான். வெட்டக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை. நீங்கள் கொண்டு போங்கோ தம்பி. ஓடப் பண்ணி ஒருக்காக் காட்டினால் போதும்” என்றார்.

இரண்டு வருடம் ஜீப் றிபாத்தின் வீட்டு முற்றத்தை விட்டு அசையவில்லை. மனைவி ஹிதாயா உடுப்புக் காயப்போடுகிற கொடியை இடம் மாற்றினாள். அவளுடைய இடியப்பத் தட்டுகளில் ஆணிகளும் நட்டுகளும் மண்ணெண்ணெயில் ஊறின. என்ஜின் உயிர் பெற்ற நாளில் அவன் அவளுக்குப் புதுத் தட்டுகள் வாங்கிக் கொடுத்தான். அவள் அதையும் ஒளித்துத்தான் வைத்தாள்.

ஜீப்பின் உடம்பு அலுமினியம், உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யவில்லை. கீழே முழுப் பாரத்தையும் தாங்குகிற சேஸிஸ் இரும்பு. பின்பக்கம் சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது சுத்தியல் உள்ளே போனது. சிலாவத்துறையிலிருந்து வந்த வெல்டிங்காரர் குனிந்து பார்த்துவிட்டு, மேல் உடம்பைக் கழற்றி, அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது இரும்பு வைக்க வேண்டும் என்றார். இரண்டு மாத வேலை. நோன்புப் பெருநாளுக்கோ இன்னும் ஒன்பது நாள். பெருநாள் தொழுகைக்கு அந்த ஜீப்பில் வந்து இறங்குவதாக றிபாத் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

“கடலையே தாங்குற பைபர், ஆறு அடி இரும்பைத் தாங்காதோ” என்று ஹிதாயாவிடம் கேட்டான். அவள் ரெசின் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துருப்பிடித்த இடத்தில் நான்கு படை பைபர் ஒட்டித் தேய்த்துக் கறுப்புப் பெயின்ற் அடித்தான். புது இரும்பு தோற்றுப்போகும் வழவழப்பு. அவன் அதை உண்மையாக நம்பினானா என்றால், பாதி நம்பினான். மற்றப் பாதி அவன் ஓட்டுகிற விதத்தில் தெரிந்தது. பெருநாளன்று பிள்ளைகளை முன்னால் நெருக்கி இருத்தினான். பின்னால் ஒருவரையும் ஏற விடவில்லை, பெயின்ற் காயவில்லை என்றான். பெயின்ற் காய்ந்து நாலு நாள்.

ஐப்பசி மழையில் நறுவிலிக்குளத்துப் பாதைகள் சேறாகிப் போயின. விதைப்புக்கு ஒப்புக்கொண்ட டிராக்டர்காரர் வரவில்லை. நவரத்தினத்தார் பஸ் ஏறிக் கொண்டச்சிக்கு வந்தார்.

“ஒரு நாளைக்கு ஜீப்பைத் தாங்கோ தம்பி. ஆறு மூட்டை விதைநெல்தான். அந்தக் காலத்தில இதில பதினைஞ்சு ஏத்தினனான்.”

றிபாத்தின் வாயில் எல்லாம் இருந்தது. பின்னுக்கு இரும்பில்லை அண்ணை, பைபர்தான். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயம். முந்தின நாள்தான் பள்ளிவாசலடியில் அதே சேஸிஸைக் காட்டி நாலு பேரிடம் புகழ் வாங்கியிருந்தான்.

“பாரத்தைக் கொஞ்சம் பாத்து ஏத்துங்கோ அண்ணை” என்றான். கொக்கியில் தொங்கிய ஜீப் திறப்பை எடுத்துக் கொடுத்தான்.

குளக்கட்டிலிருந்து வயலுக்கு இறங்குகிற இடத்தில் ஜீப் பின்பக்கம் முறிந்து வாய்க்காலில் சாய்ந்தது. நவரத்தினத்தாருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மூட்டைகள் சரியாமல் இருக்கப் பின்னால் ஏறி இருந்த அவர் மனைவி சிவபாக்கியத்துக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு முறிவு. செய்தி கேட்டதும் றிபாத் முதலில் ஓடியது ஆஸ்பத்திரிக்கு அல்ல, வாய்க்காலுக்கு. ஒருவரும் கீழே குனிந்து பார்க்குமுன் டிராக்டர் பிடித்து ஜீப்பை இழுத்து வந்து, முற்றத்தில் தறப்பாளால் மூடிக் கட்டினான். பிறகுதான் தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டில் ஓரத்தில் ஐந்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை.

மூன்றாவது வாரம் நவரத்தினத்தார் முறிந்த கையைக் கழுத்தில் கட்டித் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார்.

“நீங்கள் சொன்னனீங்கள் தம்பி, பாரம் பாத்து எண்டு. நான்தான் கேக்கேல்லை. நம்பித் தந்த சாமானை உடைச்சுப்போட்டன்.”

றிபாத் தேத்தண்ணியை அவருடைய இடது கைப் பக்கம் நகர்த்தி வைத்தான்.

“கண்ணும் கையும் பிந்திப் போச்சுது. என்ர லைசென்ஸைத் தனஞ்சயன் வாங்கி வைச்சிட்டான். அப்பா இனி ஓட்ட வேண்டாமாம். மகன் சொல்லுறதும் சரிதானே. கட்டின மனுசியின்ர காலை முறிச்சவன் நான்.”

தப்புவதற்குச் சொன்ன அரை வார்த்தையை எடுத்து அந்த மனிதர் தன்னையே அடித்துக்கொண்டிருக்கிறார் என்பது றிபாத்துக்கு அப்போதுதான் முழுக்க விளங்கியது. அப்படியும் தறப்பாளை அவிழ்க்கவில்லை. தேத்தண்ணி குடிக்க வைத்தான், பஸ் தரிப்பு வரை கூடப் போனான். வாசலில் ஹிதாயா பார்த்த பார்வை முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது. தூரத்தில் பஸ் தெரிந்தது. நவரத்தினத்தார் இடது கையால் அவனைக் கும்பிடுவது போல ஏதோ செய்தார்.

“அண்ணை, ஏறாதீங்கோ. ஒருக்காத் திரும்பி வாங்கோ” என்றான்.

தறப்பாளை அவிழ்த்து, முறிந்த இடத்தைக் காட்டினான். கறுப்புப் பெயின்றுக்கு அடியில் பைபர் நார்நாராகக் கிழிந்து தொங்கியது. உள்ளே துருத்தூள். நடந்ததைச் சொன்னான். நவரத்தினத்தார் முழங்காலூன்றி, பெருவிரலால் அந்த நார்களைத் தடவிப் பார்த்தார்.

“சிவபாக்கியம் பின்னுக்கு இருந்தவ” என்றார்.

“ஓம் அண்ணை.”

“ஊர் முழுக்க என்ர பிழை எண்டு சொல்லிப்போட்டன். இனி நான் போய் மாத்திச் சொன்னால், மானம் காக்கக் கதை கட்டுறான் எண்டு சொல்லுவினம். நீங்கள் வந்து சொல்லுங்கோ.” அடுத்த பஸ்ஸுக்கு அவர் தனியாகவே நடந்து போனார்.

மறுநாள் காலை றிபாத் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டான். அரிப்பு ஊரைத் தாண்டும் வரை சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினான். உப்புக்காற்று, வெல்டிங்காரர் கேட்ட இரண்டு மாதம், பெருநாள், நாலு படை பைபர். ஒவ்வொன்றிலும் தனக்கு ஒரு சாட்டு ஒளிந்திருப்பது அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

விறாந்தையில் சிவபாக்கியம் மாக்கட்டுப் போட்ட காலை நீட்டி இருந்தார். பக்கத்தில் மகன் தனஞ்சயன் கந்தோர் வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்றான். நவரத்தினத்தார் முற்றத்தில் கோழிக்கு நெல் வீசிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“வாங்கோ தம்பி, இருங்கோ” என்று சிவபாக்கியம் கதிரையைக் கையால் தள்ளிவிட்டார். “ரெண்டு வருசம் பாடுபட்டுச் செய்த வண்டி. ஒரு நாளில உடைச்சுப்போட்டம். இவருக்கு வயசு போட்டுது, விளங்காமல் ஏத்திப்போட்டார். எங்களைக் குறை நினையாதேங்கோ.”

முந்தின நாள் பார்த்துவிட்டுப் போனதை மனிதர் வீட்டில்கூடச் சொல்லியிருக்கவில்லை. றிபாத் அந்தக் கதிரையில் உட்காரவில்லை. அடுக்கி வந்ததில் ஒரு சொல்லும் அவனுக்கு உதவவில்லை.

“வண்டி பாரம் தாங்காது எண்டு எனக்குத் தெரியும் அக்கா” என்றான். “தெரிஞ்சுதான் திறப்பைக் குடுத்தனான்.”