ஆபீஸை வீட்டுக்கு அனுப்பினேன்

நான் தூத்துக்குடியில் ஒரு சின்ன கிளியரிங் ஏஜென்சி நடத்துகிறேன். கப்பலில் வரும் சரக்குக்குக் காகிதம் தயார் செய்து, சுங்கத்துறையில் அனுமதி வாங்கி, துறைமுகத்துக்கு வெளியே கொண்டுவந்து உரியவரிடம் சேர்ப்பது எங்கள் வேலை. என்னிடம் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். நாங்கள் நான்கு பேரும் ஒரு பேக்கரியின் மாடியில் உட்கார்ந்திருந்தோம்.

கீழே நாள் முழுக்க மக்ரூன் சுடுவார்கள். முந்திரியும் சீனியும் வேகும் வாசனை மாடிப்படி ஏறி வந்து எங்கள் பைல்களுக்குள் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் பைலைத் திறந்தாலே பசிக்கிறது என்று வாடிக்கையாளர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டதுண்டு. அந்த மாடியில் இருந்த வருடங்களில் நாங்கள் நால்வரும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தோம்.

ஒருநாள் பேக்கரி முதலாளி மாடிக்கு வந்தார். "தங்கச்சி, தப்பா எடுத்துக்கிடாத. மாடி எனக்கு வேணும். மக்ரூன் அடுக்க இடம் பத்தல" என்றார்.

புது இடம் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட மூன்று பேரும் ஆளுக்கொரு நிபந்தனை வைத்தார்கள். சாயர்புரத்திலிருந்து வரும் பெண், காகித வேலை முழுவதையும் பார்ப்பவள், ஏசி இல்லாத இடம் வேண்டாம் என்றாள். மூத்தவரான அண்ணாச்சிக்கு ஏசி ஆகாது. கோடையிலும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். கப்பல் வரத்துப் போக்கைக் கவனிக்கும் தருவைகுளத்துக்காரருக்கு மத்தியானம் பொரித்த மீன் சாப்பிடத் தனி அறை வேண்டும், ஏனென்றால் மற்ற இருவரும் அந்த வாசனையைச் சொல்லியே அவரை மொட்டை மாடிக்குத் துரத்திவிடுகிறார்கள்.

சென்னையில் வீட்டிலிருந்தபடியே ஏதோ கம்பெனிக்கு வேலை பார்க்கும் என் மகளிடம் இதைப் போனில் புலம்பினேன்.

"எம்மா, ஆபீஸ் எதுக்கு? எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு. இதுல முதலாளிக்குத்தான் லாபம்" என்றாள். வாடகை இல்லை, கரண்ட் பில் இல்லை, பஸ் லேட் என்று யாரும் சொல்ல முடியாது, நல்ல ஆள் எந்த ஊரில் இருந்தாலும் வேலைக்கு வைக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனவள் கடைசியாக, "ஏசி ரிமோட்டுக்குச் சண்டையே வராது" என்றாள்.

அந்தக் கடைசி வரியில் நான் விழுந்துவிட்டேன்.

மாத முடிவில் சாயர்புரத்துப் பெண் கம்ப்யூட்டரை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போனாள். அண்ணாச்சி தன் சுழல் நாற்காலியை ஆட்டோவில் ஏற்றி, அதன் மேலேயே உட்கார்ந்து போனார். தருவைகுளத்துக்காரர் லேப்டாப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு வீடியோவில் மீட்டிங். அண்ணாச்சியின் சதுரத்தில் நெற்றியும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. "அண்ணாச்சி, போனைக் கொஞ்சம் கீழ இறக்குங்க" என்றேன். இறக்கினார். இப்போது வேட்டி தெரிந்தது. ஆறு மாதமாகியும் அவருடைய மூக்கை நாங்கள் பார்க்கவில்லை.

ஆனால் லாபம் உண்மைதான். ஆபீஸில் நாலு வருடமாக வாயே திறக்காத சாயர்புரத்துப் பெண் வீட்டுக்குப் போனதும் ஆளே மாறிவிட்டாள். பதினொரு மணிக்குள் அன்றைய காகிதம் அத்தனையும் தயார். "எப்படிம்மா?" என்று கேட்டதற்கு, "இங்கன யாரும் எங்கிட்டக் கதை பேச மாட்டாங்க மேடம்" என்றாள். நாலு வருடம் அவளிடம் கதை பேசியது யார் என்று யோசித்துப் பார்த்தேன். நான்தான்.

இரண்டாவது வாரம் அண்ணாச்சியின் மனைவி போன் செய்தார்.

"ஏம்மா, உனக்கு லாபம் வரணும்னு அவர எந் தலையில கட்டிட்டியே."

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"அடுக்களை வாசல்ல நாற்காலிய போட்டு உக்காந்துருக்காரு. சாம்பாரு ஏன் பெண்டிங்னு கேக்குதாரு. நேத்து நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன், எத்தன மணிக்குப் போன, எத்தன மணிக்கு வந்தன்னு நோட்டுல எழுதச் சொல்லுதாரு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த நோட்டு எனக்குத் தெரியும். ஆபீஸுக்கு வரும் நேரம், போகும் நேரம் எழுத அண்ணாச்சி வைத்திருந்தது. அதில் முதலாளியான நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பதினைந்து வருடம் என்னைக் கேட்ட கேள்விகளை எல்லாம் அண்ணாச்சி இப்போது தன் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் சொல்லாமல் விட்ட பெரிய லாபம் இது.

அந்த அம்மாளே ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டுக் கொல்லைப்புறத்தில் மோட்டார் போட்டிருந்த அறையைச் சுத்தம் செய்து, நாற்காலியை அங்கே தள்ளிவிட்டார். ஆனால் வீட்டுக்குள்ளிருந்து கொல்லைக்குப் போகக்கூடாது என்பது சட்டம். காலை எட்டே முக்காலுக்கு அண்ணாச்சி சட்டை மாட்டி, சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு, "வாரேன்" என்று சொல்லி முன்வாசல் வழியாகக் கிளம்புவார். தெருவைச் சுற்றி, முக்கில் ஒரு டீ குடித்து, பின்பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்குள் நுழைவார். சாயங்காலம் ஆறு மணிக்கு அதே சுற்று. முன்வாசலில் நின்று வரவேற்கும் மனைவி, "என்ன, இன்னைக்கு ஆபீஸ்ல வேலை சாஸ்தியோ?" என்று கேட்பாராம். "ஆமா, அந்த மேடம் படுத்துதா" என்பாராம் இவர். இதை என்னிடம் சொன்னதும் அந்த அம்மாள்தான்.

தருவைகுளத்துக்காரரின் பிரச்சினை வேறு. அவர் வீட்டில் சிக்னல் கிடையாது. தெருவில் கிடையாது. கோயில் வாசலில் ஒரு கோடு வரும், போகும். கடைசியில் கரையில் ஏற்றி வைத்திருந்த அவருடைய மாமாவின் ஃபைபர் படகில், முன்பக்கம் ஏறி உட்கார்ந்தால் முழுசாகக் கிடைத்தது. அதையே ஆபீஸாக்கிக்கொண்டார். தலைக்கு மேல் தார்ப்பாய், மடியில் லேப்டாப், பக்கத்தில் பொரித்த மீன். துரத்த ஆள் இல்லை. இத்தனை சந்தோஷமான வேலையாளை எந்த முதலாளியும் வைத்திருக்க மாட்டார்.

அந்தச் சமயம் செங்கோட்டை மர வியாபாரி ஒருவரின் சரக்கு எங்கள் கையில் இருந்தது. கப்பல் வந்துவிட்டது, ஆனால் உள்ளே நிறுத்த இடம் கிடைக்காமல் வெளியே கடலில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தது. வியாபாரி நம்பவில்லை. தினமும் போன். ஐந்தாம் நாள், "உங்க ஆளுங்க எல்லாரையும் வீடியோவுல கூப்பிடுங்க. நேருக்கு நேர் கேக்கணும்" என்றார்.

கூப்பிட்டேன். சாயர்புரத்துப் பெண் காகிதங்களைக் காட்டினாள். அண்ணாச்சியின் நெற்றி ஆமோதித்தது. தருவைகுளத்துக்காரர் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்து, கப்பல் காத்திருக்கும் விவரத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

"இதத்தான் அஞ்சு நாளா சொல்லுதிய" என்றார் வியாபாரி. "கப்பலே வரலன்னு நான் சொல்லுதேன். இல்லன்னு நிரூபிங்க பாப்போம்."

அப்போது தருவைகுளத்துக்காரரின் சதுரம் மெல்லச் சாய்ந்தது. பின்னால் இருந்த பனைமரங்கள் நகர்ந்தன. மோட்டார் சத்தம் கேட்டது.

"ஏய், இருங்க, இருங்க" என்றார் அவர். "மாமா! நான் மீட்டிங்ல இருக்கேன்!"

மோட்டாருக்கு மேல் ஒரு குரல் கேட்டது. "இருல. எஞ்சின் மக்கர் பண்ணுது, திரேஸ்புரத்துல மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வந்துருவோம். நீ பாட்டுக்கு ஒன் வேலயப் பாரு."

நாலு பேர் சேர்ந்து படகைத் தள்ளியது பேச்சு மும்முரத்தில் அவருக்குத் தெரியவே இல்லை. திரையில் இப்போது தண்ணீர். வியாபாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகில் வந்தார். "ஏம்மா, உங்க ஆபீஸ் எங்க போகுது?" என்று என்னைக் கேட்டார்.

முதலாளியாக நான் என்ன பதில் சொல்வது? "சரக்கு விஷயமாத்தான் போறாரு" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே யோசனை வந்தது. "தம்பி, நம்ம கப்பல் நிக்கிற பக்கம் போக முடியுமான்னு மாமாட்ட கேளுங்க" என்றேன். மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. வீடியோவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி மறுபடி நேராகக் கட்டிக்கொண்டார். எஞ்சின் மக்கர் பண்ணுவதை அவரும் மறந்தார், எஞ்சினும் மறந்தது.

முக்கால் மணி நேரம் நாங்கள் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் மீட்டிங்கை விட்டுப் போகவில்லை. அண்ணாச்சியின் மனைவி சட்டத்தை மீறிக் கொல்லைக்கு வந்து, அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். படம் உடைந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஒரு தடவை வந்தபோது திரை முழுக்கச் சிவப்பு இரும்புச் சுவர். லேப்டாப்பை மேலே தூக்கினார் தருவைகுளத்துக்காரர். வெள்ளை எழுத்தில் கப்பல் பேர்.

வியாபாரி ஒவ்வொரு எழுத்தாகத் தன் காகிதத்தோடு ஒப்பிட்டுப் படித்தார். கடைசி எழுத்து வரை படித்தார். "நம்ம மரம் உள்ள இருக்கா?" என்று கேட்டார். குரல் தழுதழுத்தது போலிருந்தது. சிக்னலாகவும் இருக்கலாம்.

"அண்ணாச்சி, ஏறிப் பாக்கணுமா?" என்று வியாபாரியைக் கேட்டார் மாமா. வேண்டவே வேண்டாம் என்று நான் கத்தினேன்.

மூன்று நாள் கழித்துக் கப்பலுக்கு இடம் கிடைத்தது. மரம் செங்கோட்டை போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் வியாபாரியே வந்துவிட்டார். "உங்க கடல் ஆபீஸப் பாக்கணும்" என்று ஒரே பிடிவாதம். எனக்கு வேறு ஆபீஸும் இல்லை, அதனால் எல்லாரையும் தருவைகுளம் கரைக்கே வரச் சொன்னேன். அண்ணாச்சியின் மூக்கை அன்றுதான் மறுபடி பார்த்தோம். கீழே புதிதாக ஒரு மீசையும் இருந்தது. மக்ரூன் வாசனை இல்லாத ஆறு மாதத்தில் மூன்று பேரும் இளைத்திருந்தார்கள். நான் மட்டும் அப்படியே இருந்தேன், ஏனென்றால் அந்த பேக்கரிக்கு நான் இன்னும் வாரம் ஒரு தரம் போய் வருகிறேன்.

வியாபாரி படகில் ஏறி முன்பக்கம் உட்கார்ந்தார். மாமா கொஞ்ச தூரம் கொண்டுபோனார். கரை சின்னதாவதற்குள் வியாபாரிக்குத் தலை சுற்றி, இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துக் குனிந்துவிட்டார். நிமிர்ந்ததும் அவர் கேட்டது, "இங்க உக்காந்தா அந்தத் தம்பி வேல பாக்குது?"

"ஆமா அண்ணாச்சி, காலைல ஒம்பதுல இருந்து" என்றார் மாமா.

"அப்ப அவன விட்டுராதீங்க" என்று கரையில் இறங்கியதும் என்னிடம் சொன்னார் வியாபாரி. அடுத்த இரண்டு கப்பலின் வேலையையும் அங்கேயே எங்களுக்குக் கொடுத்தார். மணலில் உட்கார்ந்து, பொரித்த சீலா மீனை இலையில் வைத்துச் சாப்பிட்டோம். சாயர்புரத்துப் பெண் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் அவளிடம் ஒரு கதை சொல்ல ஆரம்பித்தேன். அவள் மணியைப் பார்த்து, "மேடம், எனக்கு வேல கிடக்கு" என்று எழுந்து போய்விட்டாள்.