மஞ்சள் பெயின்ற்றில் ஒரு ஞ

என் கைபேசியில் ஒரு படம் இருக்கிறது. தார் வீதியில் கவிழாமல் கிடக்கும் வட்டமான இரும்பு மூடி ஒன்று. நிலத்தடி வாய்க்காலுக்குள் ஆட்கள் இறங்கும் துவாரத்தை மூடுகிற சாதாரண மூடிதான். ஒரு கரை நெளிந்திருக்கிறது. நடுவில் மஞ்சள் பெயின்ற்றில் 'ஞ' என்று எழுதியிருக்கிறது. என் பெயரின் முதல் எழுத்து அது. இதற்குள் இரண்டு கைபேசி மாற்றிவிட்டேன். மற்றப் படங்கள் எத்தனையோ அழிந்து போய்விட்டன. இது மட்டும் உழவு மெசினின் படத்துக்கும் அக்கா மகளின் பிறந்தநாள் படத்துக்கும் நடுவில் அப்படியே கிடக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. பார்க்கவும் மனம் வருவதில்லை.

அக்காவின் கணவர் எனக்கு அத்தான் ஆவதற்கு முன்பே என் தலைவர். முல்லைத்தீவுப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலையில் எங்கள் குழுவை நடத்தியவர் அவர்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை. முழங்காலில் இருந்து விரல் விரலாக மண்ணைச் சுரண்டி அதை முடித்தால், அந்த எல்லையில் பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமாகப் பூசிய தடி ஒன்றை அடிப்போம். சிவப்புப் பக்கம் கால் வைக்கக் கூடாது, வெள்ளைப் பக்கம் வைக்கலாம். வெள்ளையில் துப்புரவாக்கியவனின் எழுத்து இருக்கும். அந்த எழுத்துகளைக் காலையில் அத்தான்தான் எழுதித் தருவார். "உன்ர எழுத்து நிண்டால் அதில பிள்ளையள் ஓடி விளையாடலாம். சந்தேகம் எண்டால் தடியைத் தொடாதை" என்பார். அவருடைய கையெழுத்து அழகு. ஞ எழுதினால் கடைசிச் சுழியை மடிக்காமல் வாலாக வெளியே இழுத்துவிடுவார். நான் வாலை உள்ளே மடித்து, குட்டையாக எழுதுவேன். என் தண்ணீர்ப் போத்தலில் நான் எழுதி வைத்ததைப் பார்த்து, "உன்ர ஞ ஏன்ரா குந்திக்கொண்டிருக்கு, வயித்துக்குத்தோ?" என்று கேட்டுச் சிரிப்பார். ஆறு வருடம் அப்படி வேலை செய்தேன். என் தடிக்குப் பின்னால் ஒன்றும் வெடித்ததில்லை. இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். எனக்கென்று வேறு பெருமை எதுவும் இருந்ததில்லை.

பிறகு அத்தான் வளைகுடா நாடொன்றுக்குப் போனார். அடுத்த வருடம் என்னையும் எடுப்பித்தார். அந்தக் கடலோர நகரத்தில் ஆண்டுக்கொரு முறை பெரிய கார்ப் போட்டி நடக்கும். அதற்கென்று தனி மைதானம் கிடையாது. மற்ற நாட்களில் பஸ்ஸும் தண்ணீர் லொறியும் ஓடுகிற அதே வீதிகளைச் சீமெந்துக் கட்டைகளாலும் கம்பி வேலியாலும் அடைத்துவிடுவார்கள். கார் என்றால் நாம் அறிந்த கார் இல்லை. ஒருவர் மட்டும் படுத்த மாதிரி இருந்து ஓட்டும் தட்டையான சாமான். மூடி மறைக்காத நான்கு சக்கரங்களும் வெளியே நிற்கும். வளைவுகளின் கரையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகப் பூசியிருப்பார்கள். முதல் நாள் வீதியைக் கடக்கப் போன நானும் அத்தானும் அந்தக் கரையைக் கண்டதும் தூக்கிய காலோடு நின்றுவிட்டோம். கூட வந்த நேபாளிகள் அதை மிதித்துக்கொண்டு போய், திரும்பி எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் இருவரும் நடுத் தெருவில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அத்தானை நினைத்தால் முதலில் வருவது அந்தச் சிரிப்புத்தான். அதனால்தான் கோபம் இரண்டு மடங்காக வருகிறது.

எங்களுக்கு இரும்பு மூடிகளின் வேலை. அந்தக் கார்கள் போகிற வேகத்தில் அடியில் காற்று உறிஞ்சும். ஒட்டாத மூடி என்றால் பிடுங்கிக்கொண்டு எழும்பிவிடும். அதனால் போட்டிக்கு முன்னர் வீதியில் உள்ள மூடி ஒவ்வொன்றையும் சுற்றிவர வெல்டிங் மெசினால் காய்ச்சி ஒட்டுவார்கள். ஒட்டியது சரியா என்று சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் கேட்டு, விளிம்பைத் தடவிப் பார்ப்பது என் வேலை. கடைசியில் மேற்பார்வையாளராக அத்தான் தாளில் கையொப்பம் வைப்பார். பார்த்த மூடியில் அடையாளம் போடு என்று ஒருவரும் சொல்லவில்லை. பழக்க தோஷத்தில் நானாகத்தான் மஞ்சள் பெயின்ற் பேனை ஒன்று வாங்கி, தட்டி முடித்த ஒவ்வொன்றிலும் ஞ எழுதினேன். வெள்ளைக்கார மேலாளருக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஞ இல்லாத மூடி பார்க்காத மூடி என்று அவரே வைத்துக்கொண்டார். கண்ட இடமெல்லாம் என் பெயரை எழுதி வைத்தது எவ்வளவு பெரிய மடைத்தனம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கார்கள் பழகிப் பார்க்க வரும் நாளுக்கு முதல் நாள் மத்தியானம், கடற்கரை வீதியில் எனக்கு ஐந்து மூடி மிச்சம் இருந்தது. வெயில் தலையைப் பிளந்தது. அத்தான் வந்து, "காலமையும் நீ ஒண்டும் சாப்பிடேல்லை. போய்ச் சாப்பிடு, மிச்சத்தை நான் பாக்கிறன். பேனையைத் தந்திட்டுப் போ" என்றார். அந்த அன்பில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. பேனையையும் சுத்தியலையும் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது ஐந்திலும் ஞ இருந்தது. தூரத்தில் நின்றே பார்த்தேன். அத்தான் பார்த்ததை நான் திரும்பத் தட்டிப் பார்ப்பதா?

மறுநாள் பழகிப் பார்க்கத் தொடங்கிச் சிறிது நேரத்துக்குள் அந்த வீதியில் ஒரு மூடி எழும்பிக் காரின் அடிப்பக்கத்தைக் கிழித்துவிட்டது. ஓட்டியவர் தன் காலில் இறங்கி நடந்தார், கடவுள் காப்பாற்றினார். உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. அலுவலகத்தில் மேலாளர், என் கைபேசிக்கும் அனுப்பியிருந்த இந்தப் படத்தைக் காட்டி, "இது உன்னுடைய அடையாளமா?" என்று கேட்டார். பார்த்தேன். ஞ-வின் வால் வெளியே நீண்டிருந்தது. அந்த நகரத்தில் எங்கள் குழுவில் எண்பது பேர் இருந்தோம். தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மேலாளருக்கு அது வெறும் கிறுக்கல். எனக்கு அது ஆறு வருடம் காலை காலையாகக் கையில் வாங்கிய எழுத்து. நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், அந்த வீதி தம்பியின் பொறுப்பில் இருந்தது என்று என்னைக் காட்டிச் சொன்னார். அது பொய்யும் இல்லை, அதுதான் அதில் உள்ள கெட்டித்தனம்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அக்காவுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது. உருத்திரபுரத்தில் அவர்கள் கட்டத் தொடங்கிய வீடு சுவர் மட்டத்தில் நின்றது. எனக்கோ மனைவி பிள்ளை என்று ஒருவரும் இல்லை. அதைவிட, அத்தான் அன்று பின்னேரமே போய் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நான் முழுதாக நம்பினேன். என்னை வேலையால் நிறுத்தி ஊருக்கு அனுப்பியபோது அவர் விமான நிலையத்துக்கு வந்தார், என் பெட்டியைத் தானே தூக்கினார். "அக்காட்டை ஒண்டும் சொல்லாதை. அவ தாங்கமாட்டா" என்றார். அவ்வளவுதான்.

நான் வீட்டுக்கு வருவதற்கு முன்னரே கதை வந்துவிட்டது. அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டா. "உன்னை நம்பித்தானே அவர் கூப்பிட்டவர்? ஒரு மூடியை ஒழுங்காப் பாக்க ஏலாதே? அவருக்கு எவ்வளவு வெக்கம்!" வெட்கம் அவருக்காம். பழைய வேலைக்காவது போவோம் என்று மிதிவெடி அகற்றுவோரின் முகாமுக்குப் போனேன். அங்கேயும் தெரிந்திருந்தது. பொறுப்பாக இருந்தவர் தேநீர் தந்து மரியாதையாகத்தான் சொன்னார்: "தம்பி, உங்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் கவனமில்லாதவன் எண்டு பேர் வந்திட்டுது. அப்பிடி ஒராளைப் பத்தைக்குள்ள விட்டிட்டு நான் நிம்மதியா இருக்கேலாது." அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இப்போது உடையார்கட்டில் உழவு மெசின் ஓட்டுகிறேன். வயலில் வரப்பை வெட்டிவிட்டால்கூட, "மிதிவெடி பாத்த ஆளெல்லே!" என்று யாராவது நையாண்டி பண்ணுவார்கள்.

இவ்வளவுக்கும் அத்தானுக்காக ஒரு சின்னச் சாக்கை நானே மனதில் வளர்த்து வைத்திருந்தேன். பார்க்காமல் விட்டது வெயிலில் வந்த சோர்வாக இருக்கலாம். தான் எழுதியது அவருக்கே மறந்திருக்கலாம். அந்த மூடியை உண்மையாகவே நான்தான் பார்த்தேன் என்று நம்பியிருக்கலாம். அவரோடு ஒரே பாயில் இருந்து சாப்பிட எனக்கு அந்தச் சாக்குத் தேவையாக இருந்தது.

இந்த வருடம் அத்தான் வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக வந்துவிட்டார். போட்டி நாளன்று அக்கா வீட்டுக் கூடம் நிறையச் சனம். தொலைக்காட்சியில் கார்கள் கண்மூடித் திறப்பதற்குள் அந்தக் கடற்கரை வீதியைக் கடந்தன. "உந்த ரோட்டில இருக்கிற மூடியெல்லாம் எங்கட கையால பாத்தது" என்றார் அத்தான். "தம்பி பிழை விட்டது எதிலையப்பா?" என்று அக்கா பகிடியாகத்தான் கேட்டா. எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் கொஞ்சம் சிரித்தார்.

அடுத்த நாள் காலை கிணற்றடிக்குச் சீமெந்து போட்டோம். மண்ணும் கல்லும் என் மெசினில்தான் ஏற்றி வந்தேன். ஈரம் காய முன்னர் அக்கா ஒரு தடியை அத்தானிடம் நீட்டினா. "எல்லாற்றை எழுத்தையும் எழுதிவிடுங்கோ. உங்கட எழுத்துத்தானே வடிவு. தம்பியின்ரையும் எழுதுங்கோ, அவன்தானே மண் கொண்டந்தவன்." தன் எழுத்தையும் அக்காவினதையும் மகளினதையும் ஓடு ஓடென்று எழுதினார். பிறகு தடி நின்றது. உள்ளங்கையால் அந்த இடத்தை ஒருமுறை தடவிச் சமப்படுத்தினார். குந்தியிருந்து, மெல்ல மெல்ல, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஞ எழுதினார். வாலை வெளியே விடவில்லை. உள்ளே மடித்தார். என்னுடைய குட்டை ஞ, அச்சொட்டாக.

வேறு யாருக்கும் அதில் ஒன்றும் இல்லை. எனக்கு அந்தச் சாக்கு அங்கேயே செத்தது. வாலைப் பற்றி இவ்வளவு நாளும் அவருக்குத் தெரியும். நான் கண்டேன் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் என் பெட்டியைத் தூக்கினார், நேற்றுச் சிரித்தார். தடியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கிணற்றில் கை கழுவப் போனார்.

"வடிவா இருக்கு, என்ன?" என்றா அக்கா.

"ஓம்" என்றேன். அவவுக்கு நான் வேறு என்ன சொல்வது?

சீமெந்து காய்வதற்கு முன்னர் அதையும் படம் எடுத்துக்கொண்டேன். இப்போது கைபேசியில் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்றில் அத்தானின் ஞ, மற்றதில் என்னுடைய ஞ. இரண்டையும் எழுதியவர் அத்தான்.