மொட்டை வரிசை

பெண்கள் வார்டில் எல்லாரும் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த மனநல மருத்துவமனையில் அவளுக்கு முடிவெட்டுகிற வேலை. இங்கே பேனுக்குத்தான் வைத்தியம் ஒழுங்காக நடக்கிறது என்று டாக்டர்கள் காதுபடவே சொல்வாள். போன மாதம் அவள் இறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. உயிரோடிருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது?

குணமாகி வீட்டுக்குப் போகப்போகிற பெண்ணின் முடியில் அவள் கத்திரி வைக்க மாட்டாள். பேன் இருந்தால் மடியில் சாய்த்துச் சீவி எடுப்பாள். தெருவில் இறங்கியதும் ஜனங்கள் முதலில் தலையைத்தான் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

தையல் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். போகலாம் என்று டாக்டர் சொல்லி மாதக்கணக்காகியும் கூட்டிப்போக ஆளில்லை. ஒருவழியாக அண்ணன் வருவதாகச் சொன்னான். அவன் வருவதற்கு முந்தின நாள் பார்த்து, மேலதிகாரிகள் வருகிறார்கள், வார்டு முழுக்க மொட்டையடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

"இவ நாளைக்கு வீட்டுக்குப் போறா, சிஸ்டர்," என்றாள் கத்திரி.

"முடிதானே, வளர்ந்துடும்."

"அப்ப நீங்க முதல்ல உட்காருங்க. உங்களுக்கும் வளரும்."

அன்றைக்கே அவளைச் சமையல்கட்டுக்குத் தூக்கியடித்தார்கள். வேறொருத்தி வந்து வரிசையாக உட்காரவைத்து மழித்தாள்.

மறுநாள் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வார்டு வாசலுக்கு வந்த அண்ணன், தங்கையின் தலையைப் பார்த்ததும் திரும்பிப்போய் பைக்கில் ஏறிக்கொண்டான்.

"இன்னும் சரியாகலை போல. முடி வளரட்டும், அப்புறம் வர்றேன்."

சமையல்கட்டிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்த கத்திரி, பைக்கின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"முடி வளரணுமா? உனக்கு முதுகெலும்பு எப்பய்யா வளரும்? மழிச்சது இவங்க. புத்தி கெட்டது இவளுக்கில்ல."

"கையை எடுங்கம்மா. அக்கம்பக்கத்துல கேட்டா நான் என்ன சொல்றது?"

"தங்கச்சின்னு சொல்லு. அதுவும் மறந்துபோச்சா?"

வாட்ச்மேன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். நர்ஸ்கள் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கத்திரி பிடியை விடவில்லை.

தலையை மூடிக்கொள்ள யாரோ கொடுத்த துண்டைப் படியிலேயே போட்டுவிட்டு, அந்தப் பெண் நேராக வந்து அண்ணனுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டியை எடுண்ணா. கேட்டா நானே சொல்லிக்கிறேன்."