விதி டீச்சரின் மாமனார் பரீட்சை எழுதிய கதை

அந்தப் பள்ளியில் பரீட்சைப் பிரிவு என்பது ஒரு ஜன்னல், இரண்டு பீரோ, அடிக்கடி காகிதத்தை மெல்லும் ஒரு பிரிண்டர், அப்புறம் அவள். அவள் பாடம் எதுவும் எடுப்பதில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு அவள் டீச்சர்தான். முதுகுக்குப் பின்னால் ‘விதி டீச்சர்’. எதைக் கேட்டாலும் "விதி என்ன சொல்லுதுன்னா..." என்று ஆரம்பிப்பாள் என்பதால் வந்த பெயர். வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால், "டேய், விதி வருது, தப்பிக்க முடியாது" என்பார்கள்.

பரீட்சை நெருங்கினால் அதே பிள்ளைகள் அவள் ஜன்னலில் ஈயாக மொய்ப்பார்கள்.

"டீச்சர், தும்மினா மார்க் குறைப்பாங்களா?"

"தும்மலாம். பக்கத்துப் பேப்பரைப் பார்த்துத் தும்மக் கூடாது."

"எங்கப்பா ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு டீச்சர். என் கையெழுத்தும் அவருது மாதிரியேதான் இருக்கும்..."

"எனக்கு இந்தக் காதுல எதுவும் விழல. ஓடு."

சிரிக்க மாட்டாள். ஆனால் கையை உடைத்துக்கொண்ட பெண்ணுக்குப் பதில் எழுத ஆள் பிடித்துக் கொடுத்ததும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பையனுக்குக் கூடுதல் நேரம் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். விதியைக் கரைத்துக் குடித்திருந்ததால் அதில் எங்கே கதவு இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவளுக்கே சோதனை வந்தது சாப்பாட்டு மேஜையில். அவள் மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தாவதைப் பாதியில் விட்ட மனிதர். தட்டில் கையை வைத்துக்கொண்டே சொன்னார்.

"பத்தாவது பரீட்சைக்குப் பதிஞ்சிட்டேன். நாலு பாடம். சென்டர் உங்க ஸ்கூல்தாம்மா."

"மாமா! வேற சென்டர் கேட்டிருக்கலாமே?"

"எதுக்கு? நம்ம வீட்டுப் பொண்ணு இருக்கிற இடம். பயமில்லாம எழுதலாம்."

மறுநாள் முதல் வேலையாகத் தலைமையாசிரியையிடம் போய், தேர்வர்களில் ஒருவர் தன் மாமனார் என்று எழுதிக் கொடுத்தாள். "அப்படின்னா அவர் எழுதுற நாள்ல நீங்க ஹாலுக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்றார் தலைமையாசிரியை. அவளுக்குத் தலையிலிருந்து மலையே இறங்கின மாதிரி இருந்தது.

வீட்டிலும் வாயைப் பூட்டிக்கொண்டாள். மாமனார் தன் மனைவியிடம் புலம்பினார்: "எந்தப் பேனா எடுத்துட்டுப் போகணும்னு கேட்டேன். ‘நோட்டீஸ் போர்டுல போட்டிருக்கு மாமா’ங்கிறா. இவ மருமகளா, கண்டக்டரா?"

வரலாறும் மற்ற இரண்டும் சத்தமில்லாமல் முடிந்தன. பூகோளம் மதியத்தில் வந்து விழுந்தது. மனிதர் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். விதி டீச்சர் வராந்தாவில் கையைப் பிசைந்தபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம். முதலில் மின்விசிறி என்று நினைத்தாள். அப்புறம் அந்தச் சத்தம் மூச்சு வாங்கியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் அடுத்த அறையிலிருந்து தினமும் கேட்கிற சத்தம் ஆயிற்றே.

கண்காணிப்பாளராக இருந்த விளையாட்டு வாத்தியார் கதவருகே வந்து கிசுகிசுத்தார். "உங்க மாமா குறட்டை விடுறாரு மேடம். தட்டி எழுப்பட்டுமா?"

"தேர்வர் மேல கை படக் கூடாது சார். மேஜையைத் தட்டலாம்."

வாத்தியார் போய் மேஜையை இரண்டு தட்டு தட்டினார். பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டின சத்தமாக அது அவர் கனவுக்குள் போயிருக்க வேண்டும். கண்ணைத் திறக்காமலே, "இறங்குறவங்க முன்னால வாங்க!" என்று ஓர் அதட்டல் போட்டார். கடைசி வரிசையில் பாதித் தூக்கத்தில் இருந்த ஒரு பையன் எழுந்தே நின்றுவிட்டான். ஹால் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பை அடக்கப் பார்த்தவர்களுக்கு விக்கல்.

வாத்தியார் மறுபடி ஓடி வந்தார். விதி டீச்சர் கண்ணை மூடி யோசித்தாள். "நேரத்தை அறிவிக்கலாம் சார். எவ்வளவு சத்தமா அறிவிக்கணும்னு எந்த விதியும் சொல்லல."

மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கிற குரலில் வாத்தியார் கத்தினார்: "இன்னும் அரை மணி நேரம்!"

மாமனார் துள்ளி எழுந்து வலது காலால் ஓங்கி ஒரு பிரேக் அடித்தார். முன்னால் இருந்த நாற்காலி அதில் உட்கார்ந்திருந்த பெண்ணோடு ஒரு முழம் நகர்ந்தது. "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு ஆற்றுப்படுகைகளைப் பற்றி அவசர அவசரமாக எழுத ஆரம்பித்தார்.

அன்று மாலை அவள் அறிக்கை எழுதினாள். எழுதாமல் இருக்க முடியாது. ஹாலில் இருந்த பிள்ளைகளுக்கு இடையூறுக்கான சலுகை மதிப்பெண் கிடைக்க வேண்டுமே. ‘தேர்வர் (என் மாமனார்) குறட்டை விட்டார்’ என்று எழுதி, விதிப்படி அவருக்கும் ஒரு பிரதி கொடுத்தாள். பிரதியை வாங்கிப் பார்த்த மாமனாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"குறட்டையா? நானா? மேல்முறையீடு பண்ணுவேன்!"

"பண்ணலாம் மாமா. அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு" என்று சொல்லி எப்படிச் செய்வது என்பதையும் அவளே விளக்கினாள். எந்தத் தேர்வர் கேட்டாலும் சொல்ல வேண்டியதுதான்.

விசாரணை தலைமையாசிரியை அறையில். மாமனார் சலவைச் சட்டையில் வந்தார். கூடவே சாட்சிக்கு மனைவி. "இவங்களைக் கேளுங்க. இத்தனை வருஷமா கூட இருக்காங்க. நான் குறட்டை விடுறவனா?"

மாமியார் கணவரைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"கல்யாணம் ஆன முதல் ராத்திரி லாரிதான் வீட்டுக்குள்ள வந்துடுச்சுன்னு வெளிய ஓடினவ நான்" என்றார். "எனக்குத்தான்மா யாரும் சலுகை மார்க் தரல."

விளையாட்டு வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் மட்டும் குலுங்கின. தலைமையாசிரியை மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மாமனார் மனைவிக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். விதி டீச்சருக்குப் பாவமாக இருந்தது.

முடிவு வந்தபோது மூன்று பாடங்களில் தேறியிருந்தார். ஊர் ஊராகப் பஸ் ஓட்டின மனிதர் பூகோளத்தில் கோட்டை விட்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் பரீட்சைப் பிரிவு ஜன்னலில் பிள்ளைகளோடு பிள்ளையாக வரிசையில் வந்து நின்றார்.

"மறுதேர்வுக்கு என்ன பண்ணணும் டீச்சர்?" என்றார்.

அவளும் அவரை மாமா என்று கூப்பிடவில்லை. "காலை நேரம் கேட்டு எழுதிக் கொடுக்கலாம்" என்றாள். "நடுவுல எழுந்து முகம் கழுவிட்டு வர அனுமதியும் கேட்கலாம். எல்லாருக்கும் உள்ள சலுகைதான்."

அவர் இரண்டையும் கேட்டு வாங்கினார். முகத்தை ஐந்து தரம் கழுவினார். சட்டையெல்லாம் ஈரமாக உட்கார்ந்து எழுதி, சொற்ப மதிப்பெண்ணில் தேறினார். சான்றிதழை வாங்கியதும் பக்கத்தில் நின்ற பையனிடம் காட்டினார்.

"தாத்தா, ஜஸ்ட் பாஸ்" என்றான் அவன்.

"பாஸா இல்லையா, அதைச் சொல்லு" என்றார் அவர்.